புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்

கடலில் இருக்கும் உங்களுக்கு,

நம் குட்டி இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வில் தோற்றுவிட்டாள். மற்றதில் குறையில்லை, கணக்கில்தான் கவிழ்ந்தாள். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நான் நலம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா?

இந்தத் தேர்வுக்குக் கால்குலேட்டர் கொண்டுபோகலாம். ஆனால் நீங்கள் வாங்கி அனுப்பியது பெட்டியோடு வீட்டிலேயே இருந்தது. "புதுசுல பட்டனைத் தேடணும்மா, கடை மெஷின்னா விரல் தானா போகும்" என்று நம் கடைக் கல்லாப் பக்கத்தில் கிடக்கும் பெரியதைத் தூக்கிக்கொண்டு போனாள். அதன் தலையில் ஒரு சின்ன விசை உண்டு. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்திவிடும். ஆணியும் பெயின்ட்டும் விற்கிற நமக்கு அதற்கு மேல் எதற்கு? அவள் அதைத் தள்ளிவிட மறந்துவிட்டாள். ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.33; அதை அறுநூற்றால் பெருக்கினால் இருநூறு வர வேண்டிய இடத்தில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. பாழாய்ப்போன கேள்வித்தாளில், தேர்ந்தெடுக்கக் கொடுத்திருந்த விடைகளில் இரண்டுமே இருந்தனவாம். பாதிக் கணக்குக்கு இதே கதி.

டியூஷன் சார் தலையில் அடித்துக்கொண்டார். "கடைசி வரைக்கும் பின்னமாவே வெச்சுக்கோ, முடிவுல மெஷினைத் தொடுன்னு தொண்டை வறளச் சொன்னேனே!" கடையில் மெஷினைத் தட்டும் முன்பே தொகையை வாயால் சொல்லிவிடுகிறவள் அவள். அன்று பயத்தில் அந்த வாய் பூட்டிக்கொண்டது.

இனி படிப்பே வேண்டாம், கடைக்கு வருகிறேன் என்கிறாள். வாடிக்கையாக வரும் பெயின்டர் வந்து, "என்ன இன்ஜினியரம்மா, டப்பா எடுத்துக் குடுக்க வந்துட்டீங்களா?" என்றான். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். பிறகு கிடங்குக்குள் போய் அழுதது எனக்குக் கேட்டது. வியாபாரியாகச் சொன்னால், இவளைப் போல் ஓர் ஆள் கடைக்குக் கிடைக்காது. அப்பா போகிற கப்பலை நான்தான் கட்டுவேன் என்று சொல்லித் திரிந்தவளை வைத்து எனக்கு அந்த லாபம் வேண்டாம்.

"அப்பா என்ன சொல்வாரு?" என்பதைத் தவிர அவளிடம் வேறு பேச்சில்லை.

நேற்று உட்கார்ந்து பேசி முடித்தோம். இன்னும் ஒரே வாய்ப்புத்தான், அதை எழுதுவாள். அதுவரை மாலையில் மட்டும் கடை. கடையிலும் நீங்கள் அனுப்பியதைத்தான் தட்ட வேண்டும், விரல் பழகட்டும். தட்டும் முன் தோராய விடையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பதிலுக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: நீங்கள் போன் செய்தால் முதலில் அவளிடம் பேச வேண்டும், மார்க்கைப் பற்றி மூச்சு விடக்கூடாது. உங்களைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டேன்.

உங்களவள்