வாய் திறக்காமல் ஜெயித்தது

13 ஒக்., திங்கள்

காலையில் மூடுபனி. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் அசையவே இல்லை. மடவளையிலிருந்து கம்பஸ் நூலகத்துக்குப் போய்ச் சேரும்போது வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்டாயிற்று.

மேசையில் அதைவிடப் பெரிய கோடு. 23ஆம் திகதி நூலகக் குழுக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி: மின்னூலகத்தின் வீட்டுவழிச் சேவையை நிறுத்துவது. அதாவது பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே போனில் ஆய்வேடும் சஞ்சிகையும் படிக்கும் வழியை அடைப்பது. இனி வேண்டுமென்றால் நூலகத்துக்குள் வந்து, வரிசையில் நின்று, கணினியில் பார்க்கட்டுமாம். காரணம்: ஒருவரும் பாவிப்பதில்லை.

அந்தச் சேவைக்காக அலுமாரி அலுமாரியாக ஸ்கேன் பண்ணித் தோள் போனது எனக்கு. நிறுத்த விடமாட்டேன். இது முடிவு.

இன்னொரு கொடுமை. போன செமஸ்டரில் கொடுத்த வினாக்கொத்து. "சேவை எப்படி?" எல்லாரும் "மிக நன்று". அதையே குழுத் தலைவர் பேராசிரியர் தூக்கிப் பிடிக்கிறார். "திருப்தியாக இருக்கிறார்கள், ஆனால் தேவைப்படவில்லை." எப்படி இருக்கிறது கதை.

கவுண்டரில் நானே தாளை நீட்டி, நானே பேனையைக் கொடுத்து, பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றால் எந்தப் பிள்ளை "கூடாது" என்று போடும்? கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் உப்பில்லை என்று யார் சொல்வார்?

ஆகவே இனி அபிப்பிராயம் கேட்பதில்லை. ஒரு வேலையைக் கொடுப்பது: இந்த ஆய்வேட்டை உன் போனில் எடு. பக்கத்தில் இருந்து பார்ப்பது. உதவுவதில்லை. பார்க்கிறவர் வாய் திறக்கவே கூடாது, அதுதான் இந்தச் சோதனையின் ஒரே சட்டம்.

வீட்டில் சொன்னேன். அவர், மகளின் வாப்பா, சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். மகள்: "உம்மா, நீங்க பேசாம ஈக்கிறதா?"

பார்ப்போம்.

14, செவ்வாய்

வெயில். பின்னேரம் இடி.

முதல் ஆள் தர்ஷினி. மூன்றாம் வருடம், புவியியல். தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, இங்கே ஹொஸ்டல். வேலை: தேயிலைக் காணிகளில் மண்ணரிப்பு பற்றிய ஒரு பழைய ஆய்வேடு.

பக்கத்தைத் திறந்தாள். நூலகக் கட்டடத்தின் படம் வந்தது. பின்னால் மலை, பனி. போன் திரை முழுக்கப் படம்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன்.

கடைசியில் சொன்னாள்: "சிக்னல் இல்ல போல மிஸ். படம் மட்டும் வந்துருக்கு. மத்தது வரும்."

நூலகத்துக்குள் வைஃபை முழுசாக இருக்கிறது. மற்றது வராது. எல்லாம் வந்துவிட்டது. தேடும் பெட்டி படத்துக்குக் கீழே கிடக்கிறது, விரலால் மேலே தள்ளினால் தெரியும். அப்படி ஒன்று கீழே இருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை.

"எங்க லயத்து வீட்லயும் இப்பிடித்தான் மிஸ். படம் வரும், அதோட நின்னுரும். நா போன ஜன்னல்ல வச்சிட்டு தண்ணி புடிக்கப் போயிருவேன். வந்து பாத்தாலும் படந்தான். எனக்குத்தான் இதெல்லாம் சரியா வராது."

எத்தனை பின்னேரம் இந்தப் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கும். கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, எங்கள்மேல். சிக்னல் இல்லாத ஊரில் வளர்ந்தவள், காத்திருக்கப் பழகியவள். பொறுமை இல்லாத பிள்ளையாக இருந்தால் திரையைக் கீறிக் கீறியாவது கண்டுபிடித்திருப்பாள்.

வேண்டுமென்றே கேட்டேன்: "நம்மட பக்கம் எப்படி?"

"நல்லா இருக்கு மிஸ். படம் அழகா இருக்கு."

அல்லாஹ்.

அவளுக்கு அந்த ஆய்வேட்டை நானே அனுப்பிவிட்டேன், படிப்பு கெடக் கூடாது. வழியை மட்டும் சொல்லவில்லை. நாக்கு அரித்தது.

இரண்டாவது ஆள், யாழ்ப்பாணத்துப் பையன். சட்டென்று மேலே தள்ளிப் பெட்டியைக் கண்டுபிடித்தான், தலைப்பை அடித்தான். "ஓம் மிஸ், இஞ்ச இல்லை." போனை மூடிவிட்டான். இருக்கிறது. என் கையால் ஸ்கேன் பண்ணியது. ஆனால் அந்தப் பெட்டி அச்சுப் புத்தகங்களை மட்டும்தான் தேடும். மின்னூலகத்துக்கு வேறு பெட்டி, வேறு பக்கத்தில். நூலக ஆட்களைத் தவிர யாருக்கு இது தெரியும்?

இன்று கண்டது:
– படம் வழியை அடைக்கிறது
– பெட்டி பொய் சொல்கிறது
– நானே முயன்று பார்த்தது: பாஸ்வேர்ட் மறந்தால் அடையாள அட்டையோடு கவுண்டருக்கு வர வேண்டும் (தெல்தோட்டையிலிருந்தா?)

வாய் திறக்காத நாள். எனக்கே நம்ப முடியவில்லை.

வரும் வழியில் சவர்க்காரம், மகளுக்குக் கொப்பி.

15, புதன்

சிவநேசன் சேரிடம் போனேன். (எழுத நீளம். இனி சி.சேர்.) கணினிப் பிரிவுப் பொறுப்பாளர், யாழ்ப்பாணத்தவர். பக்கத்தைக் கட்டியவர் அவர். படத்தை எடுத்ததும் அவர். அதற்காக விடியற்காலையில் மலைக்கு எதிரே ஏறி நின்றாராம்.

"நான் செய்தனான், எனக்குத் தெரியாதே? அந்தப் பிள்ளைக்கு ஒருக்காக் காட்டிக் குடுத்தாச் சரிதானே, ஷிபானா."

"அந்தப் பிள்ளைக்குக் காட்டலாம் சேர். மற்றப் பிள்ளைகளுக்கு யாரு வீடு வீடாப் போறது?"

வந்து பார்க்கச் சம்மதித்தார். சட்டத்தையும் சொன்னேன். "ஓம், ஓம், கதைக்க மாட்டன்."

நாவலப்பிட்டிப் பையன் ஒருவனை உட்கார வைத்தேன். அவன் பக்கத்தைத் திறந்ததுதான் தாமதம். "மேல தள்ளும் தம்பி. இன்னும். அதுக்குக் கீழ. இல்லை, அது இல்லை." பையன் ஆய்வேட்டை எடுத்துவிட்டான். சி.சேர் என்னைப் பார்த்த பார்வை: பார்த்தீரோ, வேலை செய்யுது.

வேலை செய்தது பக்கமில்லை, சேரின் வாய்.

மனுசன் நல்லவர். ஆனால் வாய்க்கு ஒரு மூடி வேண்டும். யோசிக்க வேண்டும்.

17, வெள்ளி

மூடி கிடைத்தது. பக்கத்து வீட்டுக் கல்யாணத் தொதல், பல்லில் ஒட்டும் அந்த இனிப்பு.

ஜும்ஆ நேரம் நூலகத்தில் ஆள் குறைவு. தர்ஷினி வந்தாள், தீபாவளிக்கு வீட்டுக்குப் போகும் பையோடு. புதிய வேலை கொடுத்தேன், புதிய ஆய்வேடு. அவள் போனை எடுக்கும்போதே சி.சேர் கையில் பெரிய துண்டு ஒன்றை வைத்தேன். "சாப்பிடுங்க சேர், கல்யாண வீட்டுது." மரியாதைக்கு முழுசாக வாயில் போட்டார். பல்வரிசை இரண்டும் ஒட்டிக்கொண்டன.

படம் வந்தது. தர்ஷினி காத்திருந்தாள். சி.சேரின் தாடை அரைத்துக்கொண்டே இருந்தது. விரலைத் தூக்கினார். இன்னொரு துண்டு வைத்தேன்.

அவள் போனை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். திரும்பக் கொண்டுவந்தாள். அணைத்துத் திறந்தாள். மறுபடி படம். வெளியே குரங்குகள் தகரத்தில் ஓடும் சத்தம் மட்டும்.

"மன்னிச்சுக்குங்க சேர். படம் ரொம்ப அழகு. எனக்குத்தான் அதுக்கு மேல போகத் தெரியல."

சி.சேர் எழும்பி வராந்தாவுக்குப் போனார். நேரே அதே மலை, அதே பனி. கொஞ்ச நேரம் நின்றார். நான் பின்னால் போகவில்லை. திரும்பி வந்தபோது வாய் காலி.

"பிள்ளை, பிழை உம்மில இல்லை. என்ர படத்தைத் தூக்கிறன்." பிறகு என்னிடம்: "மற்றது என்ன? எல்லாத்தையும் சொல்லும்."

எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். ஒரு இடத்திலும் மறுக்கவில்லை.

பெரிய எழுத்தில்: வெற்றி. அவர் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. கொஞ்சம்தான்.

19, ஞாயிறு

மழை. துணி காயவில்லை.

சி.சேர் நேற்றும் இன்றும் வீட்டிலிருந்து வேலை. புதிய பக்கத்தின் மாதிரியை அனுப்பினார். மகளிடம் போனைக் கொடுத்தேன். ஏ.எல். படிப்பவள், நாக்கில் நரம்பில்லை. "உம்மா, இத ஆரு செஞ்ச? பாஸ்வேர்ட் மறந்தா எங்க போற?" அவளுடைய வாப்பா சும்மா இருப்பாரா, தோளுக்கு மேலால் எட்டி "அந்த மூலைல பாரு, மூலைல" என்றார். மூலையில் ஒன்றும் இல்லை. அடுப்படிக்கு அனுப்பினேன்.

சேருக்கு அப்படியே எழுதினேன். பின்னேரம் மறுபடி அனுப்பினார். இப்போது திறந்தவுடன் ஒரே பெட்டி, புத்தகமும் ஆய்வேடும் ஒன்றாக வரும். பாஸ்வேர்ட் மறந்தால் போனுக்கே வரும். படம் இல்லை.

மகள் ஒன்றும் கேட்காமல் ஒரு ஆய்வேட்டை எடுத்தாள். அவ்வளவுதான், போனைத் திருப்பித் தந்துவிட்டு டீவி பார்க்கப் போய்விட்டாள். அதைவிடச் சான்றிதழ் எது?

20, திங்கள்

தீபாவளி, லீவு. தர்ஷினியிடமிருந்து வாழ்த்து, முறுக்குத் தட்டின் படத்தோடு. வாழ்த்திவிட்டுக் கேட்டேன், வியாழக்கிழமை கூட்டம் நடக்கும்போது வீட்டிலிருந்து ஒரு வேலை செய்து காட்ட முடியுமா என்று.

"செய்றேன் மிஸ். ஆனா என்னால கெட்டுப் போயிருமோன்னு பயமா இருக்கு."

கெட்டுப் போனால் உன்னால் இல்லை என்று எழுதினேன். பக்கம் மாறிவிட்டது, எப்படி மாறியது என்று சொல்லவில்லை. சொன்னால் சோதனை இல்லை. சொல்லாமல் இருக்க எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியாது.

22, புதன்

தூக்கம் சரியில்லை. கூட்டத்தில் எங்கள் விடயம் கடைசியாம், தேநீருக்கு முன்னால். எல்லாரும் எழும்பப் பார்க்கும் நேரம். சி.சேர் தலைமுடி வெட்டியிருக்கிறார்.

23, வியாழன்

முதலில் இருந்து எழுதுகிறேன், சந்தோஷத்தில் ஒன்றும் விடுபடக் கூடாது.

தலைவர் எங்கள் வரியை வாசித்தார். "சேவை நல்லது, ஆனால் பாவனை இல்லை. நிறுத்தலாமா?" இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். நான் எழும்பினேன். அறிக்கை இல்லை, ஒரு சோதனைதான் என்றேன். எங்கள் மாணவி ஒருத்தி தெல்தோட்டையில் வீட்டில் இருக்கிறாள், எந்த ஆய்வேட்டை எடுக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

தலைவர் சிரித்தார். "ஹரி," என்றார், சிங்களத்தில் சரி. "என்னுடையதையே தேடட்டும். முதுமாணிப் பட்டத்துக்கு எழுதியது."

அதை ஸ்கேன் பண்ணினேனா? எத்தனை அலுமாரி, எத்தனை புத்தக முதுகு. ஞாபகமே இல்லை. சி.சேர் என்னைப் பார்த்தார், நான் மேசையைப் பார்த்தேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பக்கம் தகரத்தில் மழை, ஒரு கோழி. தலைவரின் பெயரைச் சொன்னேன், அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஒரு பேராசிரியர் முன்னால் குனிந்தார்: "மேலே ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தச் சொல்லுங்கள்." இன்னொருவர்: "பெயரை ஆங்கிலத்தில்…"

சி.சேர் எழும்பி நின்றார். "தயவுசெய்து ஒருவரும் பேச வேண்டாம். அந்தப் பிள்ளை செய்யட்டும்." சொன்னது ஆங்கிலத்தில். என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுந்தது. அந்த மனுசன்! நாவலப்பிட்டிப் பையனிடம் "தள்ளும், தள்ளும்" என்று வாய் ஓயாத அதே மனுசன்.

அறையே வாயை மூடிக்கொண்டது. மழைச் சத்தம் மட்டும்.

"மிஸ், படத்தக் காணோம்."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"பெட்டி இருக்கு. அடிக்கிறேன்." பிறகு, "வந்துருச்சு மிஸ். தொறந்துருச்சு."

தலைப்பை வாசித்தாள். தலைவரின் பெயரை வாசித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது எப்படி? என்னிடம் இருந்த பிரதியைக் கறையான் தின்றுவிட்டதே. கடைசிப் பக்கம் வரை இருக்கிறதா, கேளுங்கள்."

"கடைசி வரைக்கும் இருக்கு மிஸ். முன்னுக்கு நன்றின்னு ஒரு பக்கம் இருக்கு." ஆங்கிலத்தில் மெதுவாக வாசித்தாள். வழிகாட்டிய பேராசிரியருக்கு நன்றி. பொறுமையோடு இருமுறை தட்டச்சு செய்து தந்த செல்விக்கு நன்றி.

தலைவர் கதிரையில் சாய்ந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அந்தச் செல்விதான் இப்போது என் வீட்டில், என் மனைவியாக இருக்கிறார். இதை இன்றைக்கே அவருக்குக் காட்ட வேண்டும். வீட்டிலிருந்து பார்க்கலாம், இல்லையா?"

வீட்டிலிருந்து பார்க்கலாம் சேர் என்றேன். அதுதானே சேர் சேவை என்றேன். (இவ்வளவு நாள் பொறுத்த வாய், அந்த ஒரு வசனத்தை விடவில்லை.)

நிறுத்தும் வரி வெட்டப்பட்டது. சேவை தொடரும். ஒவ்வொரு செமஸ்டரும் இப்படியே பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்க்க வேண்டுமாம், வினாக்கொத்து வேண்டாமாம். கூட்ட அறிக்கையில் எழுதிவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

தர்ஷினிக்குச் சொன்னபோது அந்தப் பக்கம் யாரையோ கூப்பிட்டாள்: "அம்மா, நா செஞ்சது சரியாம்."

வரும் வழியில் கட்டுகஸ்தோட்டையில் கொத்துரொட்டி, எல்லாருக்கும். வீட்டில் அவர் "என்ன விசேஷம்?" முழுக் கதையும் சொன்னேன். இரண்டு தரம்.

24, வெள்ளி

வெயில். வரவுப் புத்தகத்தில் நேரத்துக்குக் கையெழுத்து.

காலையில் தர்ஷினியிடமிருந்து செய்தி. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"மிஸ் நேத்து எல்லாரும் இருந்தாங்க அதான் சொல்லல. டவுன்லோட் பட்டன் ரொம்ப சின்னது, வெரலுக்கு மாட்ட மாட்டேங்குது. எழுத்து வெளிச்சத்துல தெரியல. பாதில சிக்னல் போனா மொதல்லருந்து எறங்குது, டேட்டா வீணாப் போகுது. எங்க வீட்ல நாலு பேருக்கு ஒரே போன், தங்கச்சி வாங்கிட்டா என்னய வெளிய தள்ளிருது. எனக்கு இது புடிக்கல மிஸ்."

மூன்று தரம் வாசித்தேன். கடைசியில் ஒரு பிள்ளை "கூடாது" என்று போட்டுவிட்டாள்! மேசையில் தட்டினேன், பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது.

சி.சேருக்கு அனுப்பினேன். உடனே பதில்: "வேற என்ன எண்டு கேளும்."

கேட்டேன். அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று போன் காட்டுகிறது. இன்னும் காட்டுகிறது. இன்னும்