குடை கேட்ட மனு

ஆப்பா,

இன்று காலை பால் அடிப்பிடித்துவிட்டது. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பால் ஊற்றும் நம் ஆற்றங்கரைக் கொட்டகை முழுக்கத் தீய்ந்த வாசனை. குழந்தைகள் டம்ளரை மூக்குவரை கொண்டுபோய்விட்டு என்னையே பார்த்தன. கிண்டச் சொன்னால் கிண்டல் செய்கிறவள் கையில் கரண்டியைக் கொடுத்தால் வேறென்ன ஆகும்? திட்டுவதற்கு நீங்கள் இல்லை. காய்ச்சலில் நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது.

மயிலாப்பூரில் எங்களுக்கு அடுத்த வீடு உங்களுடையது. என் குறும்பு தாங்காமல்தான் அம்மா என்னைத் தினமும் பள்ளிக்கு முன்னால் உங்களோடு இங்கே துரத்திவிட்டாள். உங்கள் உருதுவில் அக்கா என்று நான் ஆப்பா என்பேன்; மகளே என்று நீங்கள் "பேட்டி" என்பீர்கள். "யாரைப் பேட்டி காணணும் ஆப்பா?" என்று நான் கேட்பேன். நூறாவது தடவையும் சிரித்தீர்கள்.

குடை மனு எழுதிய அந்த வருஷம் சண்டைக்கால விலைவாசியில் உங்கள் தையல் வருமானம் பாலுக்குப் போதவில்லை. பேட்டைத் தரும நிதி கைகொடுக்காவிட்டால் மாதக் கடைசியில் அடுப்பை அணைத்துவிடலாம் என்று கன்னியம்மாவிடம் சொன்னீர்கள். குப்பத்திலிருந்து வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டவள் அவள். அவள் பிள்ளைகள் இரண்டும் பால் வரிசையில்தான் நின்றன.

நிதி என்பது வசதியுள்ள வீடுகள் சேர்ந்து போட்ட பொதுப்பணம். அவர்களாகப் பால் காய்ச்சுவதில்லை, பாடம் நடத்துவதில்லை; செய்கிறவர்களைப் பார்த்துக் கொடுப்பார்கள். கூலிக்காரர்களின் மாலைப் பள்ளி, வாசகசாலை, நம் பால் நிலையம் எல்லாமே வருஷத்துக்கு ஒரு மனுவில் தொங்கின. நிதி கேட்டால் கூடவே கொஞ்சம் நீதியும் சொல்லி அனுப்புவார்கள் என்றேன். வாயை மூடிக்கொண்டு எழுது என்றீர்கள். உங்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

எழுதினேன். இரண்டு பிரதி. ஒன்று ஒழுங்கானது. மற்றது வகுப்பில் காட்டிச் சிரிக்க. கொடையின் கொம்பையும் காலையும் பிடுங்கிவிட்டு ஒரு சுழி சுழித்தால் குடை. "எங்கள் ஏழைக் குழந்தைகளுக்குத் தாங்கள் மனமுவந்து குடை அளிக்க வேண்டும்" என்று மூன்று இடத்தில் சுழித்து வைத்தேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினேன். நீங்கள் நான் பெட்டிமேல் விட்டுப்போன தாளில் உருதுவில் கையெழுத்துப் போட்டுக் கன்னியம்மாவிடம் கொடுத்தனுப்பிவிட்டீர்கள். நல்ல பிரதி என் பூகோளப் புத்தகத்துக்குள் இருந்ததை மறுநாள்தான் பார்த்தேன். சொல்ல வாய் வரவில்லை ஆப்பா. எதற்கும் அடங்காத வாய் அதற்கு மட்டும் அடங்கிவிட்டது.

ஒரு மனுவைத் தள்ளுவதற்கு முன் நேரில் ஒரு தடவை பார்ப்பது நிதியின் வழக்கம். செயலாளரான வக்கீல் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். கையில் அந்தத் தாள்.

"பால் நிலையத்துக்கு எதுக்குக் குடைன்னு எல்லாரும் சிரிச்சா. விளையாட்டு மனுன்னு ஒதுக்கி வெச்சுட்டா" என்றார். பிறகு, "யார் எழுதினது?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஒரே பார்வை. உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"நான் சொல்லச் சொல்லப் பாப்பா எழுதிச்சு, வக்கீல் சாப். என் நாக்குல தமிழ் நிக்காது. கொடைன்னு சொன்னா குடைன்னு விழும். தப்பு என்னோடது."

உங்கள் வாயில் கொடை என்ற சொல் அப்போதே சுத்தமாகத்தான் விழுந்தது. அவர் கவனித்தாரோ என்னவோ, வரிசையில் நின்ற குழந்தைகளைப் பார்த்தார். இப்போதே திருத்தி எழுதிக் கொடுத்தால் மறுபடி சபையில் வைப்பதாகச் சொன்னார். தாமே எழுதித் தரவும் பேனாவைத் திறந்தார். நீங்கள் அந்தப் பேனாவை வாங்கி என்னிடம் நீட்டினீர்கள்.

கொம்பும் காலும் போட்டு எழுதினேன். எழுதி முடித்ததும் என்ன எழுதினாய் என்று நீங்கள் கேட்கவில்லை. அவரிடம் காட்டிச் சரிபார்க்கவும் இல்லை. படிக்கத் தெரியாத தாளில் இரண்டாவது தடவையும் கையெழுத்துப் போட்டீர்கள். நிதி கிடைத்தது. அடுப்பு அணையவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் திட்டுக்காகக் காத்திருந்தேன். நீங்கள் மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தீர்கள். குடை என்று விழுந்தது உங்கள் நாக்கிலிருந்து அல்ல, என் கையிலிருந்து என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

குறும்பு போய்விடவில்லை. நேற்றுகூடக் கணக்கு டீச்சரின் நாற்காலியில் கோந்து. ஆனால் இந்த வருஷ மனுவை இன்று எழுதினேன். இப்போது நிலையம் கன்னியம்மாவின் பொறுப்பு, அவளுக்குக் கைநாட்டுதான். மை டப்பாவுக்குக் கை நீட்டினாள்.

"நீ எழுதுனா சரியாத்தான் கீது, குடு பாப்பா. அடுப்புல வேலை கீது."

"இரு. படிச்சு முடிச்சப்புறம்தான் மை" என்றேன்.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து ஒவ்வொரு சொல்லாக அவளுக்குப் படித்துக் காட்டினேன்.