ஓஷன் கசற்றில் அப்பாவின் குரல்

அன்புள்ள அம்மாவுக்கு, பாரிஸ் லா சப்பலில் இருந்து செந்தூரன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று எங்கள் ஃபோன் கடைக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், 'ஓஷன்' கொம்பனியின் பழைய கேம் கசற் ஒன்றைக் காட்டினார். அப்பா பஹ்ரைனிலிருந்து கம்ப்யூட்டரோடு எனக்கு அனுப்பியதும் அதே கேம்தான். அப்போதெல்லாம் கேமும் பாட்டுக் கசற் மாதிரி ஒன்றில்தான் வரும், கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் அது விளங்கும். நீங்கள் அதை ரேடியோவில் போட்டுப் பார்த்து, "வெறும் இரைச்சல், பழுதாப் போச்சு" என்று சொல்லி, அதன் மேலேயே அப்பாவுக்குக் கடிதம் பேசிப் பதிந்து அனுப்பினீர்கள். ஒரு மாதம் நான் உங்களோடு கதைக்கவில்லை. அப்பா மறுபக்கத்தில் பதில் பேசித் திருப்பி அனுப்பினார்.

அவ்வளவு பெரிய கொம்பனி இன்று இல்லை. அந்த கேமை இணையத்தில் யாரும் தேடி எடுக்கலாம். அப்பாவின் குரல் அந்தக் கசற்றில் மட்டும்தான் மிச்சம். அன்று அழித்ததற்கு நன்றி அம்மா.

சித்தப்பாவின் மகன் லவன் வரும்போது மிளகாய்த்தூளோடு அதையும் கொடுத்துவிடுங்கள். கடைக்கு ஆள் வந்துவிட்டது, நிறுத்துகிறேன். மிளகாய்த்தூள் பெட்டியில் வரட்டும். அப்பாவைக் கையிலேயே கொண்டுவரச் சொல்லுங்கள்.

உங்கள் செந்தூரன்