வலது கட்டைவிரலும் கேம் பெட்டியும்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

என் வீட்டுக்காரர் விளையாடட்டும் என்று மகள் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய கேம் பெட்டியை மூன்று நாளாக நான்தான் ஒளிந்து ஒளிந்து விளையாடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்து ஐந்து மாதம் ஆகிறது. பொத்தானை அமுக்கி அமுக்கியே விரல் திரும்பிவிடும் என்று மகள் நம்புகிறாள். இன்று மீன் விற்று முடித்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு காரைக்கால் செல்போன் கடைக்குப் போனேன்.

"புதுசுன்னா மொதல்ல திரையில கண்ணாடி ஒட்டிருங்கக்கா. வழுக்காம இருக்க ரப்பர் உறையும் போட்டுருங்க. பையனுக்கு என்னா வயசு?" என்றார் கடைக்காரர்.

"அம்பத்தாறு. இன்னும் அடம் நிக்கல" என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து உறையை மாட்டி அவர் கையில் கொடுத்தேன். வலது கட்டைவிரல் பொத்தான்மேல் சும்மா கிடந்தது. திரையில் பொம்மை நின்ற இடத்திலேயே நின்றது.

"என்னங்க, அம்மாம் பெரிய வலைய இழுத்த கை, மொளகு அளவு பொத்தானுக்குப் பயப்படுதா?" என்று சீண்டினேன். எப்போதும் பதிலுக்கு வைவார். இன்று வையவில்லை.

"படக வித்துரு புள்ள. இனிமே என்னால கடலுக்குப் போவ முடியாது" என்றார்.

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரைக் கண்ணாடியை ஒட்ட உட்கார்ந்தேன். நன்றாகத் துடைத்துத்தான் ஒட்டினேன். உள்ளே ஒரு மீன் செதில் மாட்டிக்கொண்டது. சரியாக நடுவில் இருக்கிறது.