மகேசின் இடது கால்

ஜன. 8, திங்கள்
பனி. எதிரே இருக்கும் சில்வர் ஓக் மரம் விடிந்து வெகுநேரம் வரை காணாமல் போயிருந்தது. காபிப் பழம் பறிக்க ஆள் குறைவு. பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் மிஷினுக்கு பெல்ட் வாங்க வேண்டும்.

அக்கா மகள் மகேசோடு சேலம் போய் வந்தேன். ஏழாம் மாதம். இடது கெண்டைக்காலில் நரம்பு புடைத்து, கொல்லிமலையில் நின்று பார்த்தாலும் தெரியும். டாக்டரம்மா முழங்கால் வரை ஏறும் இறுக்கமான சாக்ஸ் எழுதிக் கொடுத்தார். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே மாட்ட வேண்டும்.

"ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா, தள்ளிப்போடாம கொண்டு வந்துருங்க. ரத்தம் கட்டியிருக்கலாம்."

வெளியே வந்து நர்ஸிடம் தனியாகக் கேட்டேன். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்தாம். மகேசிடம் சொல்லவில்லை. மதியச் சோறு இறங்கவில்லை. எனக்கு, அதுவும் சோறு.

ஜன. 9, செவ்வாய்
மலைப்பாம்புக்கு மோதிரம் போட்டுவிடலாம். மகேசுக்கு இந்தச் சாக்ஸ் போட முடியாது. அவளுக்கு வயிறு குறுக்கே நிற்கிறது. அக்காவுக்கு மணிக்கட்டு வலி. மிச்சம் நான். மருந்துக்கடையில் சொன்னபடி ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"வேண்டாங்க மாமா. நீங்க போய் எங் காலப் புடிக்கிறதா? பாவமுங்க."

"வயசான காலத்துல உன்ற ஊட்டுல சோறு வேணுமல்ல கண்ணு. இப்பவே புடிச்சு வெக்கறேன்."

மாட்டும் முன் இடது கெண்டைக்காலில் ஒரு வெள்ளை நூலைச் சுற்றி, முனைகள் சேரும் இடத்தில் முனைக்கொரு முடிச்சு போட்டேன்.

"எதுக்குங்க மாமா?"

"கொழந்தைக்கு அரைஞாண் அளவு."

"இத்தாம் பெருசாங்களா?"

"நம்ம வம்சம் சாமி."

நூல் சட்டைப் பையில். அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

ஜன. 11, வியாழன்
நல்ல வெயில். நாள் முழுக்க நாகலூரில் வேலை. மகேசின் மாப்பிள்ளை திருப்பூரிலிருந்து போன், பொங்கலுக்கு லீவு இல்லையாம்.

திரும்பி வந்தால் மகேசு வெறுங்காலோடு. இருப்பது ஒரே ஜோடி, அதை அக்கா துவைத்துவிட்டாள். காபிக் களத்தில் வேலை செய்பவள். இந்த மலையில் ஈரமான எதுவும் கடைசியில் களத்துக்குத்தான் போகும்: காபி, மிளகு, கம்பளி, போன வருஷம் என் வேட்டி. கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையில் பரப்பி, காபியோடு காபியாகக் கிளறியும் விட்டிருக்கிறாள். அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது.

ஜன. 12, வெள்ளி
நான் கையுறையோடு போவதற்குள் மகேசு தானே மாட்டிக்கொண்டாள்.

"வெண்ணையாட்ட ஏறிருச்சுங்க மாமா."

"வீக்கம் நொம்ப வத்திப்போச்சு. மாரியாயிக்கு வேண்டியிருந்தேன்" என்றாள் அக்கா.

பாயசம். வெள்ளக்கடை ஊர் வரை செய்தி பரப்பினேன்: மகேசு கால் இப்போது கொத்தவரங்காய்.

மாலையில் படி இறங்கும்போது இடது காலைச் சற்று இழுத்தாள். கேட்டதற்கு, ஒன்றுமில்லையாம். எனக்குப் பிடிக்கவில்லை.

ஜன. 13, சனி
காலையில் நூலை எடுத்தேன். இடது காலில் முடிச்சும் முடிச்சும் எட்டவில்லை, இரண்டு விரல் குறைந்தது. மறுபடி சுற்றினேன். எட்டவில்லை. வலது காலில் சுற்றினால் எட்டியது.

கால் இளைக்கவே இல்லை. சாக்ஸை இழுத்துப் பார்த்தேன், இழுத்த இடத்திலேயே தொங்கியது. அதன் இறுக்கத்தை வெந்நீரும் வெயிலும் குடித்துவிட்டன.

அக்கா விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி நீவிவிட வந்தாள். தடுத்தேன். ரத்தம் கட்டியிருந்தால் நீவக்கூடாது என்றேன்.

"ஏண்டா, ஓணான முதலைங்கற வாயி உன்னுது. வத்திப்போச்சுன்னு நேத்து தண்டோராப் போட்டதும் நீதான்."

 நூலை அவள் கையில் கொடுத்தேன். அவளே சுற்றினாள். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஜீப்ப எடு தம்பி."

மலை இறங்கும்போது வளைவுக்கு ஒரு கதை சொல்வது என் வழக்கம்.

"ஏனுங் மாமா, இன்னைக்குக் கதையக் காணோம்?"

"டீசல் விக்கிற வெலையில கதையா கண்ணு."

ஸ்கேன் அறை வாசல். அக்கா அந்தச் சாக்ஸைச் சுருட்டுவதும் பிரிப்பதும். "நாந்தானே கொதிக்க வெச்சேன்."

"பாயசம் எல்லாருந்தான் குடிச்சோம்" என்றேன்.

ரத்தக்கட்டி தென்படவில்லை. ரத்தம் தேங்கிய வீக்கம் என்றார்கள். ஆனாலும் ஒரு வாரத்தில் இன்னொரு ஸ்கேன். வலி கூடினால் அன்றைக்கே வர வேண்டும். டாக்டரம்மா சாக்ஸை முகர்ந்து, "காப்பி வாசம் வருதே" என்றார். மூவரும் சுவரைப் பார்த்தோம். புது சாக்ஸ் இரண்டு ஜோடி. வெந்நீர் ஆகாது, வெயில் ஆகாது.

ஜன. 15, திங்கள்
பொங்கல். பனி. பானை வைக்கும் முன் சாக்ஸ். மகேசு கட்டிலிலேயே கால் நீட்டியபடி.

"கொழந்தைகிட்ட இதையெல்லாம் எப்படிச் சொல்லுவீங்க மாமா?"

"ஆனைக்குச் சாக்ஸ் போட்டேன்னு."

சிரித்தாள். வலி குறைந்திருக்கிறதாம். நூலைச் சுற்றினேன். அக்கா கையில் கரண்டியோடு வாசலில்.

"முடிச்சு எட்டுச்சா?"

எட்டியது என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. "இல்லீங்கக்கா. ஒரு காபிக் கொட்ட எடம் இருக்குது."

அவள் நூலை வாங்கிச் சுற்றிப் பார்க்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுப்புக்குப் போனாள்.