ஏழாம் வரிசைத் தூண்

2024 பிப்ரவரி 12

கிடங்குக்குள் நுழைந்ததுமே தாஹா கூப்பிட்டார். ஃபோர்க்லிஃப்டை ஓரங்கட்டிவிட்டு ஏழாம் வரிசைக்கு அழைத்துப்போய் ரேக்கின் முன் தூணைக் காட்டினார். முழங்கால் உயரத்தில் உள்பக்கமாக நசுங்கியிருந்தது.

"முந்தின ஷிப்ட்ல எவனோ இட்ச்சிட்டு சொல்லாம போய்க்கிறான்க்கா."

தூணோடு மீட்டர் கோலை நிமிர்த்திப் பிடித்தேன். இடைவெளியில் என் சுண்டுவிரல் நுழைந்தது. பத்து மில்லிமீட்டர் வளைந்தாலே சரக்கை உடனே இறக்கிவிட வேண்டும் என்று ரேக் மாட்டியவர்கள் மாட்டும்போதே சொன்னார்கள். தூணுக்கு இரண்டு பக்கமும் இருந்த சரக்கு முழுவதையும் இறக்கச் சொன்னேன். மதியத்துக்குள் தாஹா இறக்கிவிட்டார். சரக்கு ஏற்றக்கூடாது என்று சிவப்பு டேப் கட்டி, போட்டோ எடுத்து, பதிவேட்டில் எழுதினேன். இந்தக் கிடங்குக்கு ஸ்டோர் இன்சார்ஜ் நான்தானே.

பிப்ரவரி 15

புதுத் தூண் கேட்டு இரண்டாவது மெயில். பதில் இல்லை.

பிப்ரவரி 20

துறைமுகத்திலிருந்து டைல்ஸ் கன்டெய்னர்கள் வந்து வாசலில் நிற்கின்றன. இறக்க இடமில்லை. மேனேஜர் சந்திரமோகன் நேராக ஏழாம் வரிசைக்கு வந்தார்.

"தூணு நிக்குது இல்ல? அப்புறம் இன்னா நர்மதா? புதுசு வர்ற வரைக்கும் தாங்கும். நீ கட்டுனத நீயே அவுத்துடு."

"சார், டைல்ஸ் வெயிட்டு—"

"நான் பாத்துக்கறேன்."

அவர் கத்தவில்லை. மிரட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். நான் அவிழ்த்தேன்.

தாஹா வண்டியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "ஏத்தலாமாக்கா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "நீங்க பாத்துட்டீங்கன்னா சரி" என்று வண்டியைக் கிளப்பினார்.

பிப்ரவரி 27

தாஹா போய்விட்டார்.

மார்ச் 1

இன்றுதான் அதற்கு மேல் எழுத முடிந்தது.

நான்காவது தட்டில் டைல்ஸ் அடுக்கிய கடைசி பேலட்டை வைத்துவிட்டு வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். தூண் அந்த நசுங்கிய இடத்திலேயே மடிந்தது. ஏழாம் வரிசை முழுவதும் அவர் மேல் சரிந்தது. சத்தம் அடங்கியபின் தூசிதான் தெரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். கையாலேயே பெட்டிகளை இழுத்துப் போட்டோம். உடைந்த டைல்ஸ் கையைக் கிழித்ததுகூட எனக்குத் தெரியவில்லை. அவரை வெளியே எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது.

பழவேற்காட்டில் அடக்கம். வீட்டுக்குள் அவர் மனைவி முபீனா என் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "நீங்க கூடவே இருந்தீங்கன்றதுதான்க்கா ஒரு ஆறுதலு" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. என்ன மனுஷி நான்?

மார்ச் 6

கம்பெனி அறிக்கை வந்திருக்கிறது. ஓட்டுநர் கவனக்குறைவாகத் தூணில் மோதியதுதான் காரணமாம். சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"செத்தவருக்கு இனிமே இன்னா ஆவப்போவுது? உயிரோட கீறவங்கள பாக்க வேணாவா? உன்னையும் சேத்துதான் சொல்றேன். போன்ல எதனா போட்டோ இருந்தா எடுத்துடு" என்றார் சந்திரமோகன்.

அவர் பயந்து போயிருக்கிறார். நானும்தான்.

மார்ச் 7

கையெழுத்துப் போடவில்லை. போட்டோவை அழிக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

மார்ச் 10

முபீனா போன் பண்ணினாள்.

"ஆபீஸ்லருந்து ரெண்டு பேரு வந்து, அவருதான் இட்ச்சிட்டாருன்னு சொல்லிட்டுப் போறாங்கக்கா. பத்து வருசமா ஓட்றாரு, ஒரு செவுத்துல ஒரசுனது கிடையாது. புள்ளைங்க கேக்குதுங்க. நெஜமா அவரு மேலதான் தப்பா?"

நேரில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 11

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு பஸ் பிடித்துப் போனேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. அவர் இடிக்கவில்லை என்பதைச் சொன்னேன். அவர்தான் முதலில் பார்த்துச் சொன்னவர் என்பதையும். பிறகு டேப்பை அவிழ்த்தது நான் என்பதையும்.

அவள் தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏத்தலாமான்னு உங்கள கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"தலையாட்டுனேன்."

"உங்கள நம்பித்தான ஏத்துனாரு." குரல் உயரவே இல்லை. "போயிடுங்க. இனிமே இந்த ஊட்டுப் பக்கம் வராதீங்க."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 13

தொழிற்சாலை ஆய்வாளரிடம் போட்டோ, மெயில், பதிவேட்டின் நகல் எல்லாம் கொடுத்தேன்.

"டேப்பை அவிழ்த்தது யார்?"

"நான்."

"யார் சொல்லி?"

"மேனேஜர் சொன்னார். ஆனால் அவிழ்த்தது நான்."

இரண்டையும் எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 2

நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சந்திரமோகனும் இப்போது அங்கே இல்லை. மீஞ்சூர் வந்து சேரும்வரை அழவில்லை. வீட்டுக் கதவைச் சாத்தியபிறகு அழுதேன். வேலைக்காக இல்லை.

ஜூன் 18

ஆய்வாளரின் முடிவு வந்துவிட்டது. ஓட்டுநர் மேல் எந்தத் தவறும் இல்லை. வளைந்த தூணில் பாரம் ஏற்ற வைத்ததே காரணம். கீழே பொறுப்பானவர்கள் பட்டியலில் இரண்டாவதாக என் பெயர். சரிதான்.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து முபீனாவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை. நான் எதை எதிர்பார்த்தேன்?

ஆகஸ்ட் 21

வழக்கு விசாரணைக்காகக் கும்மிடிப்பூண்டி போய்விட்டுத் திரும்பும்போது ரயிலில் முபீனா இருந்தாள். கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா காலம் முடிந்து வெளியே வர ஆரம்பித்திருக்கிறாள் போல. ரொம்ப இளைத்துவிட்டாள். வேறு பெட்டிக்குப் போய்விடலாம் என்று திரும்பினேன். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. எதிர் சீட் ஒன்றுதான் காலி. உட்கார்ந்தேன்.

கவரைப்பேட்டை தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னிக்கு அவரு சாப்ட்டாரா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது போதுமாக இருந்திருக்கும்.

"இல்ல முபீனா. சாப்பாட்டு பெல் அடிக்க இன்னும் பத்து நிமிசம் இருந்துச்சு."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. கையை நீட்டவும் எனக்குத் துணிவில்லை. பொன்னேரி நெருங்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போய், திரும்பிப் பார்த்தாள்.

"வரேங்க்கா" என்றாள்.