அடுப்பில் போன வில்

அஞ்சனா,

பருப்புக் கொழம்பு மூடி வெச்சிருக்குது. பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடும்மா.

கடை வில்லு வாங்க வசதியில்லன்னு, காலேஜ் போட்டிக்கு நீயே மூங்கிலைச் சீவிச் செஞ்ச வில்லை நேத்து முறிச்சு அடுப்புல வெச்சுட்டேன். வைக்கோல் கட்டுல வட்டம் போட்டுத்தான் அடிக்கிறேன்னு நீ சொன்னே. ஜைன வீட்டுல ஹிம்சை பழகுறியான்னு நான் கத்திக்கினே இருந்தேன்.

பக்கத்து வீட்டு கிருஷ்ணம்மாள் இன்னிக்குத்தான் சொன்னாங்க. நாணுக்கு அவங்க தறியில மிஞ்சின பட்டு இழையைக் குடுத்தாங்களாம். புழுவைக் கொன்னு எடுத்தது வேணாம்னு நீ பருத்தி நூலை முறுக்கினியாமே.

மூங்கில் கேட்டு வர தென்னேரிக்குப் போறேன். போட்டிக்குள்ள பச்சை மூங்கில் காயாதுன்னும் தெரியும்.

அம்மா

வெளிய போனா சாவியை கிருஷ்ணம்மாள்கிட்ட குடு.

பட்டுன்னு நெனச்சு, நாணைத்தான் முதல்ல அறுத்தேன்.